மைத்துனர் மாட்டிய மஞ்சள் விளக்குகள்

ஆட்டோ எலக்ட்ரீசியன் சங்கரபாண்டியன் அவர்கள் காலமான செய்தி வந்தபோது நான் கிட்டங்கியில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடிவந்து, "அண்ணாச்சி, உங்க மச்சான் தவறிட்டாராம். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில இருந்து நம்ம கடைக்குப் போன் பண்ணுதாங்க" என்றார். இப்படி ஒரு செய்தி கேட்டவன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழவேண்டும். எனக்கு அழுகை வரவில்லை. "அடப்பாவி மனுஷா, சொல்லாமலே தப்பிச்சிட்டீரே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஜவுளிக்கடைக்காரர் நான் பாசத்தில் புலம்புவதாக நினைத்துக்கொண்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அன்னாரின் மூத்த மகன் முருகேசன் காரியங்களுக்கு நடுவில் வீட்டுக்கு வந்தான். பதினாறாம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அச்சடித்து, வருகிறவர்களுக்குக் கொடுக்கப்போகிறானாம். "மாமா, நீங்கதான் எழுதணும். அப்பாவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை" என்றான். நல்ல பையன், அப்பாவைப் போல இல்லை. சரி என்றேன். நல்லதாக நாலு வார்த்தை எழுதுகிறேன். மிச்ச வார்த்தைகளையும் எழுதத்தான் போகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் தகரக் கூரை போட்ட கடை அவருடையது. பெயர்ப் பலகை கிடையாது, தேவையும் இருந்ததில்லை. சாரல் தொடங்கி சீசன் சூடுபிடித்துவிட்டால் டாக்சிக்காரர்கள் ஹாரனுக்கும் விளக்குக்கும் அவர் கடை முன்னால் வரிசையில் நிற்பார்கள். நாள் முழுக்க கிரீஸிலும் ஆசிட்டிலும் கையை விட்டுக்கொண்டிருந்தாலும் அவர் கட்டியிருந்த வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. அந்த வேட்டியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலை முடிந்ததும் விளக்கின் மேல் உள்ளங்கையை வைத்து, "நம்ம வேலை தப்பாது" என்பார். ஊரும் அதையே சொன்னது. அவரும் நம்பிவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

என் மனைவி கோமதி அவருடைய ஒரே தங்கை. தகப்பனார் சீக்கிரமே போய்விட்டதால் இவர்தான் அவளை வளர்த்து, படிக்கவைத்து, எனக்குக் கட்டிக்கொடுத்தார். அண்ணன் வாயிலிருந்து வந்துவிட்டால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. நான் சொன்னால் அண்ணனிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டுதான் நம்புவாள். வீட்டுக்கு ஒரு பல்பு வாங்கிவந்தால்கூட, "அண்ணன்கிட்ட காட்டுனியளா?" என்பாள். கல்யாணமான புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

எழுபதுகளின் நடுவில் நான் கிட்டங்கியில் உட்காருகிற ஆளாக இல்லை. எங்கள் முதலாளிக்காக மிளகும் ஏலக்காயும் பார்த்து வாங்க மலைக்குப் போகிறவன். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, அப்புறம் அச்சன்கோவில் பக்கம் யானைச் சாணி கிடக்கும் மண்பாதை என்று என் மோட்டார் சைக்கிள் போகாத இடமில்லை. அந்த வேலை எனக்கு அப்படிப் பிடித்திருந்தது. ஆனால் வண்டி ஆறு வோல்ட் காலத்து வண்டி. மலையில் மேகம் இறங்கிவிட்டால் பிற்பகலிலேயே முன்சக்கரம் தெரியாது. கோமதி பயந்துபோய் அண்ணனிடம் சொன்னாள். மறுநாளே உத்தரவு வந்துவிட்டது. "மாப்ளே, வண்டியக் கடையில கொண்டாந்து நிப்பாட்டுங்க. ரெண்டு லைட்டு சேத்துப் போட்டுருவோம்."

வேலை என்று பார்த்தால், ஒத்துக்கொள்கிறேன், பார்த்துக்கொண்டே இருக்கலாம். பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு விளக்குகளை எடுத்தார். மஞ்சள் கண்ணாடி போட்டவை. வண்டியின் முன்னால் இருக்கும் லெக் கார்டில் இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து அவற்றை முடுக்கினார். தகட்டில் துளை போட்டு, அதன் வழியாக வயரை இழுத்து, பெட்ரோல் டேங்குக்கு அடியில் கொண்டுபோய், ஹேண்டில்பாரில் ஒரு சுவிட்சு வைத்தார். பிறகு வண்டியை எதிர்ச்சுவரைப் பார்த்து நிறுத்தி, என்னை ஏறி உட்காரச் சொல்லிவிட்டு, சுவரில் சாக்கட்டியால் கோடு கிழித்தார். "ஆளு உக்காந்தா வண்டி பின்னால அமுங்கும்லா, வெளிச்சம் மேல தூக்கிரும். அதான் உங்கள உக்கார வச்சுப் பாக்கேன்" என்றார். வலது விளக்கை நேராகவும் இடது விளக்கை ரோட்டோரம் பார்த்தும் திருப்பினார். "வெள்ள லைட்டு மேகத்துல பட்டு நம்ம மூஞ்சிக்கே திரும்பி வரும். மஞ்சளத் தாழ்த்தி விட்டா தரையோட தரையாப் போவும். இன்ஜின் ஓடாதப்ப மூணையும் போட்டுராதீங்க, பேட்டரி படுத்துரும்." எல்லாம் சொன்னார். எல்லாம் செய்தார். ஒன்றைத் தவிர.

இரும்புத் தகட்டில் துளை போட்டால் விளிம்பு பிளேடு போல இருக்கும். வயர் அதில் உரசாமலிருக்க ஒரு ரப்பர் வளையத்தைத் துளையில் செருகுவார்கள். சுண்டுவிரலில் மாட்டுகிற அளவுதான் இருக்கும். அது கடையில் ஒரு டப்பா நிறையக் கிடந்தது.

வேலை முடிந்ததும் கோமதியைக் கடைக்கே வரவழைத்து, விளக்குகளைப் போட்டுக் காட்டினார். "ஏட்டி கோமதி, இந்த லைட்டப் பாத்து ஊரே கண்ணு வைக்கும். ஒரு எலுமிச்சம்பழமும் மொளகாயும் கட்டி விடு" என்று சொன்னவரும் அவர்தான். அவள் அன்றைக்கே நூலில் கோத்து, இடது பக்கத்து விளக்குக்குக் கீழே கட்டினாள். வாடினால் அதே இடத்தில் புதிது கட்டுவாள். இடது பக்கம். வாசிக்கிறவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த விளக்குகளோடு மலையேறிய மாதங்கள்தான் என் வாழ்நாளில் நான் ராஜாவாக இருந்த காலம். புளியரை டீக்கடையில், தூரத்து வளைவில் வெளிச்சத்தைப் பார்த்ததுமே, "மஞ்சக்கண்ணன் வருதான்" என்று சொல்லி டீ ஆற்றத் தொடங்கிவிடுவார்கள். எனக்கும் பெருமைதான். மச்சானைப் பற்றிப் போகிற இடமெல்லாம் புகழ்ந்தேன். அதை நினைத்தால் இப்போது வாயைக் கழுவவேண்டும் போலிருக்கிறது.

மறு வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் கோமதியை ஆரியங்காவு கோவிலுக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். மாலை நேரம்தான். ஆனாலும் சாரலும் மேகமுமாகச் சேர்ந்து நன்றாக இருட்டிவிட்டது. புளியரைக்கு மேலே அந்த எஸ் வளைவில் இறங்கும்போது, வலது பக்கத்தில் பட்டென்று ஒரு சத்தம். வயர் கருகுகிற நாற்றம். பெரிய விளக்கும் சேர்த்து மூன்றும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டன. கண்ணை மூடிக்கொண்டது போல் இருந்தது. வண்டி ஓரத்துக் கல்லில் போய் முட்டியது. பின்னால் வந்து நின்ற புனலூர் லாரியிலிருந்து, "எந்தா பற்றியே, எந்தா பற்றியே" என்று, என்ன ஆச்சு என்பதை மலையாளத்தில் கேட்டுக்கொண்டே இறங்கியவர்கள்தான் எங்களைத் தூக்கினார்கள். கோமதிக்குக் கையில் சிராய்ப்பு. எனக்கு முழங்கால் சிரட்டை நொறுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் என் மைத்துனர் செய்ததை மறைக்கக் கூடாது. கடையைப் பூட்டிவிட்டு வந்து என் பக்கத்திலேயே கிடந்தார். என்னை இரண்டு கையிலும் தூக்கிக் கக்கூசுக்குக் கொண்டுபோனார். அந்த வெள்ளை வேட்டியில் என் மலமும் மூத்திரமும் பட்டும் முகம் சுளிக்கவில்லை. எனக்கு ஆத்திரம் அதிகமாவதே இதனால்தான். அத்தனையும் செய்கிற மனுஷன் அந்த ஒன்றைச் செய்யாமல் விட்டார்.

நான் கொஞ்சம் தெளிந்ததும், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கோமதியிடம் தீர்ப்பு சொன்னார். "ஏட்டி, புளிப்பு கரண்ட இழுக்கும். பேட்டரிக்குள்ள என்ன இருக்கு? ஆசிட்டுதானே? நீ கட்டுன எலுமிச்சம்பழம் மழையில ஊறி, சாறு வயர்ல எறங்கியிருக்கு. அதான் ஷார்ட் ஆயிட்டு. ஒன் மேல தப்பில்ல. நீ என்னத்தக் கண்ட, பாவம்."

தப்பில்லை, தப்பில்லை என்று சொல்லிக்கொண்டே மொத்தத்தையும் தூக்கி அவள் தலையில் வைத்தார். என்ன சாமர்த்தியம்! கோமதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சத்தம் வலது பக்கம்லா கேட்டுச்சு மச்சான்" என்று நான் சொன்னதற்கு, "விழுந்த வேகத்துல எடமாவது வலமாவது, உங்களுக்கு என்ன தெரியும்" என்றார்.

கட்டுப் பிரித்து நான் வீட்டுக்கு வந்த பிறகு வண்டியும் வந்தது. அதை அவரே கடையில் வைத்துச் சரிபண்ணியிருந்தார். கம்பை ஊன்றிக்கொண்டு போய் முன்பக்கம் குனிந்து பார்த்தேன். இடது விளக்கில் பழைய வயர் அப்படியே இருந்தது. வலது விளக்குக்கு மட்டும் புது வயர். அந்த வயர் போகிற துளையில், கறுப்பாக, பளபளவென்று, ஒரு ரப்பர் வளையம். விளக்கு லைனில் ஒரு ஃபியூசும் புதிதாக முளைத்திருந்தது.

"இந்த வளையம் எப்ப வந்துச்சு மச்சான்?" என்று கேட்டேன்.

"அது எப்பவும் உண்டு" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

எனக்குப் புரிந்துவிட்டது. கோமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வண்டியைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தாள். "எம் மனசு ஆறட்டும்னு சொல்லுதிய. அண்ணனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியப்போவுது?" என்றாள்.

இதற்கு அப்புறம் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று இந்த மலரை வாசிக்கிறவர்களுக்குத் தெரியவேண்டும். எலுமிச்சம்பழம் வீட்டுக்குள் வரக்கூடாது என்றாகிவிட்டது. ஊறுகாய் கிடையாது. கல்யாண வீட்டு வாசலில் நின்று யாராவது பழத்தைக் கையில் கொடுத்தால் அவள் முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொள்வாள். என் கால் மடங்காது. நாற்காலியிலிருந்து எழும்போது "அம்மா" என்று வாயில் வந்துவிடும். வந்ததோ, அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோகும். எட்டிப் பார்த்தால் சுவரைப் பார்த்து நிற்பாள். அதனால் நான் சத்தமில்லாமல் எழுந்திருக்கப் பழகினேன். வலித்தால் பல்லைக் கடித்துக்கொள்வேன். சொந்த வீட்டில் சொந்தக் காலுக்கு வலிக்கிறது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மலைக்குப் போகிற வேலை போய் கிட்டங்கியில் உட்கார்ந்ததைக்கூட நான் மன்னித்துவிடுவேன். இதை மன்னிக்கமாட்டேன்.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "எம் வயருதான் தப்பு" என்று தங்கச்சியிடம் சொல்லியிருந்தால் அவள் உடனே நம்பியிருப்பாள். வேறு யார் சொன்னாலும் நம்பமாட்டாள். இதற்காக நான் அவரிடம் கேட்காத இடமில்லை. கடையில் கேட்டேன். தங்கைக்குப் பொங்கல்படி கொண்டுவந்தபோது வாசலில் வைத்துக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். "சவத்த விடுங்க மாப்ளே. முடிஞ்சு போனத எதுக்குத் தோண்டுதிய?"

ஒரு சீசனில் இரண்டு குடும்பமும் ஐந்தருவிக்குப் போயிருந்தோம். கோமதி பெண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் உடம்பெல்லாம் எண்ணெயோடு தண்ணீரில் நின்றோம். இதைவிட நல்ல நேரம் வராது என்று, "மச்சான், இன்னைக்காவது அவகிட்ட சொல்லிருங்க" என்று கேட்டேன். காதைக் காட்டி, கையை விரித்து, "அருவிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல மாப்ளே!" என்று கத்தினார். சரி என்று வெளியே வந்து, துவட்டிக்கொண்டு, திரும்பவும் கேட்டேன். "காதுக்குள்ள தண்ணி போயிட்டு" என்று சொல்லி ஒற்றைக் காலில் குதிக்க ஆரம்பித்துவிட்டார். இதையெல்லாம் இப்போது சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அன்றைக்கு அவரை அப்படியே தண்ணீருக்குள் அமுக்கலாமா என்றிருந்தது.

சென்ற மாதம் சர்க்கரை முற்றி அவரைப் பாளையங்கோட்டையில் சேர்த்திருந்தார்கள். ஒரு பகல் நேரத்தில் கோமதி காப்பி வாங்கக் கீழே போனாள். அவள் செருப்புச் சத்தம் படிக்கட்டில் ஓய்ந்ததும், "மாப்ளே, கிட்ட வாங்க" என்றார்.

"வலது பக்கம் வளையம் போட விட்டுப்போச்சு. சீசன் நேரம்லா. டாக்சிக்காரன் ஒருத்தன் கழுத்துல உக்காந்துட்டான். பொறவு போட்டுக்கிடலாம்னு இருந்தேன். மறந்துட்டேன். அவ பழம் ஒண்ணும் செய்யல."

எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை! "அவ இப்ப வருவா. இதையே அவகிட்ட சொல்லுங்க மச்சான்" என்றேன்.

"அது மட்டும் முடியாது."

"ஏன்?"

"ஊருல எல்லாரும் அண்ணாச்சி அண்ணாச்சிம்பான். அதெல்லாம் வாய்ப்பேச்சு. நான் தப்பே செய்யமாட்டேன்னு நெசமாவே நெனைக்கது அவ ஒருத்திதான். அதையும் எடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்கு?"

"அவகிட்ட என்ன இருக்குன்னு யோசிச்சியளா?" என்று கேட்டேன். அதற்குள் கோமதி காப்பியோடு உள்ளே வந்தாள். அவளைப் பார்த்து, "ஒன் வீட்டுக்காரரு என்னைய நல்லாப் பாத்துக்கிடுதாரு கோமதி" என்று சிரித்தார். ஒரு நோயாளியின் கழுத்தை நெரிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

அவரை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது ஊரே வந்து நின்று, "இப்படி ஒரு மனுஷன் இனி பிறக்கணும்" என்றது. கோமதி அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "சவத்த விடுங்க மாப்ளே" என்று அவர் சொல்கிற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்து நின்றது. கடித்துக்கொண்டேன். அந்த மரியாதையைக் கொடுத்திருக்கிறேன் என்பதை அன்னாரின் குடும்பத்தார் குறித்துக்கொள்ளவேண்டும்.

மறுநாள் சுடுகாட்டில் காடாத்துச் சடங்கு முடிந்து வீட்டுக்கு வந்ததும், இனிப் பொறுப்பதில்லை என்று கோமதியிடம் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டாள். கோபப்படக்கூட இல்லை.

"அண்ணன் அப்படிச் சொல்லியிருந்தா எங்கிட்டல்லா சொல்லியிருப்பான்? உங்ககிட்ட எதுக்குச் சொல்லுதான்?" என்றாள். "செத்தவன் வந்து இல்லைன்னு சொல்லவா போறான்னு நெனைச்சிட்டிய. எனக்காகத்தான் சொல்லுதியன்னு தெரியும். வேண்டாம், இனி சொல்லாதிய."

பார்த்தீர்களா என் மைத்துனரின் வேலையை? உண்மையைச் சொல்லாமல் போனார் என்று யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. சொல்லிவிட்டுத்தான் போனார். யார் சொன்னால் அவள் நம்பமாட்டாளோ, அவனாகப் பார்த்து, அவனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வயரை எங்கே இணைத்தால் விளக்கு எரியாது என்று அந்த மனுஷனுக்குத் தெரியாமலா இருக்கும்?

முருகேசன் வந்து கட்டுரை கேட்டபோது எனக்கு ஒன்று தோன்றியது. கோமதி என் வாயை நம்பமாட்டாள், ஆனால் அச்சை நம்புவாள். நான் சொன்னால் உதறிவிடுகிற சங்கதியையே நாளிதழில் பார்த்தால், "பேப்பர்லயே போட்டிருக்கான்" என்று என்னிடமே வந்து சொல்வாள். அவளுடைய அண்ணன் மகனே அச்சடித்து, அண்ணன் படம் போட்டு, ஊர் முன்னால் கொடுக்கிற புத்தகத்தில் வந்தால்? முருகேசா, இதில் ஒரு வரியை நீ வெட்டினாலும் நானே இன்னொரு அச்சகத்தில் கொடுத்து அடித்து, வருகிறவர்கள் கையில் கொடுப்பேன். உன் அத்தைக்காகக் கேட்கிறேன், அப்படியே விடு.

கோமதி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படி. நீ கட்டியது இடது பக்கம். எரிந்தது வலது பக்கம். உன் அண்ணன் ஒரு வளையம் போட மறந்தார். மனுஷன், மறந்துவிட்டார். என் காலை நீ முடக்கவில்லை.

மச்சான், போய்வாருங்கள். நீங்கள் போட்ட விளக்கு நல்ல விளக்கு, அந்த மேகத்துக்குள்ளும் எனக்கு வழி தெரிந்தது. அதை இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். உங்களை எரித்துவிட்டு எல்லோரும் ஆற்றில் முழுகித் திரும்பிப் பார்க்காமல் நடந்தபோது, நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாதுதான். கடைசி நேரத்திலாவது எழுந்து உட்கார்ந்து, "கோமதி" என்று கூப்பிடமாட்டீர்களா என்று பார்த்தேன்.